போட்ட மெசேஜ் எங்கே போனது? ஒரு கொம்பனியிலிருந்து இன்னொரு கொம்பனிக்குப் போகும் குறுஞ்செய்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் இருக்கிற மல்லாவியில் ரீலோட் போடுகிற, போட்டோக்கொப்பி எடுக்கிற சின்னக் கடை என்னுடையது. சிம் விற்கிறவனிடம் சனம் எதையும் கேட்கும். வங்கி மெசேஜ் ஏன் வரவில்லை, மகளுக்குப் போட்டது போய்ச் சேர்ந்ததா, ஒரு மெசேஜுக்கு ஏன் இரண்டு மெசேஜ் காசு வெட்டினான். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் உளைந்துபோனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கடைக்கு வந்தவர்களுடையவை.

ஒரு கொம்பனி சிம்மிலிருந்து இன்னொரு கொம்பனி சிம்முக்கு மெசேஜ் எப்படிப் போகிறது?

துணுக்காயில் இருக்கிற ஒருவர் 077 இல் தொடங்கும் தன் இலக்கத்திலிருந்து, முள்ளியவளையில் இருக்கிற தங்கச்சியின் 071 இல் தொடங்கும் வேறு கொம்பனி இலக்கத்துக்கு மெசேஜ் போடுகிறார் என்று வையுங்கள். அது போனிலிருந்து போனுக்கு நேரே பறப்பதில்லை. முதலில் அவருடைய சொந்தக் கொம்பனியின் குறுஞ்செய்தி மையத்துக்குப் போகும். தபால் கந்தோர் மாதிரி ஒரு கணினி அது. அந்த மையத்தின் இலக்கம் சிம்முக்குள்ளேயே பதிந்திருக்கும்.

மையம் அடுத்ததாக மற்றக் கொம்பனியின் பதிவேட்டிடம் கேட்கும்: "இந்த 071 இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது?" பதிவேடு பதில் சொன்னால், அந்தப் பக்கத்தைப் பார்க்கிற சுவிச் என்ற கணினியிடம் மெசேஜை ஒப்படைக்கும். சுவிச் கோபுரத்துக்கு, கோபுரம் தங்கச்சியின் போனுக்கு. எல்லாம் ஒழுங்காக இருந்தால் நாலைந்து செக்கன்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது அனுப்பியவரின் கொம்பனி. ஆனால் முகவரி சொல்வதும் படலையைத் திறப்பதும் பெறுகிறவரின் கொம்பனி. அவன் படலையைப் பூட்டினால் இவன் வெளியே நிற்கவேண்டியதுதான். கீழே வருகிற பாதிப் பதில்களுக்கு இந்தப் படலைதான் காரணம்.

"சென்ட்" என்று காட்டினால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. உங்கள் கொம்பனியின் மையம் வாங்கிவிட்டது, அவ்வளவுதான். காசும் அந்த இடத்திலேயே வெட்டப்பட்டுவிடும். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவேண்டும் என்றால் போனின் மெசேஜ் அமைப்புக்குள் போய் "டெலிவரி ரிப்போர்ட்" என்பதை இயக்கி வையுங்கள்.

பிந்தி வந்தால் யாருடைய பிழை?

இது என் வீட்டிலேயே நடந்தது. மீள்குடியேறிய புதிதில் பெரியம்மா விடியப்புறம் இறந்துபோனா. விசுவமடுவில் இருந்த மச்சானுக்கு அழைப்பு எடுபடவில்லை. சரி, மெசேஜ் போடுவோம் என்று போட்டேன். என்னுடையது ஒரு கொம்பனி, அவருடையது இன்னொன்று. பின்னேரம் எல்லாம் முடிந்து, சாம்பலும் ஆறி, அடுத்தநாள் காலை தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில்தான் மெசேஜ் அவருக்குப் போயிருக்கிறது. அவர் அழுதுகொண்டு வந்து நின்றபோது எனக்கு முகம் பார்க்க முடியவில்லை.

பிறகு கோபத்தில் இரண்டு கொம்பனிக்கும் அழைத்தேன். என் கொம்பனி சொன்னது: "எங்களிடமிருந்து போய்விட்டது." அவர் கொம்பனி சொன்னது: "எங்களுக்கு வந்தவுடன் கொடுத்தோம்." இரண்டும் உண்மையாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு இரவு முழுக்க மெசேஜ் எங்கே கிடந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

தொழில்நுட்பக் காரணம் இப்படி: பெறுகிறவரின் போன் நிறுத்தியிருந்தால், அல்லது கவரேஜ் இல்லாவிட்டால், மையம் மெசேஜை வைத்துக்கொண்டு இடைவெளி விட்டு மறுபடி மறுபடி முயற்சிக்கும். முதலில் சில நிமிடத்துக்கு ஒருமுறை, போகப்போக இடைவெளி மணிக்கணக்காகக் கூடும். போன் திரும்ப உயிர்பெற்றால் "ஆள் வந்துவிட்டார்" என்று மையத்துக்குச் சொல்லும் ஏற்பாடும் உண்டு. ஒரே கொம்பனிக்குள் அது சுறுக்காக நடக்கும். இரண்டு கொம்பனிக்கு நடுவில் அந்தச் சைகை தவறினால், அடுத்த முயற்சி வரும்வரை மெசேஜ் கிடக்கும். குறித்த காலம் கடந்தால் மையம் அதை எறிந்துவிடும். அந்தக் காலம் ஒவ்வொரு கொம்பனிக்கும் வேறு. பொதுவாக ஒரு நாளிலிருந்து சில நாட்கள்.

அப்போ நடுவில் நின்று கேட்க ஆள் இல்லையா?

இருக்கிறது. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தை 1996 இல் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தியபோது உருவாக்கப்பட்டது. கொம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரம், அலைவரிசை, 07 இல் தொடங்கும் இலக்கங்கள், கட்டணங்களுக்கு ஒப்புதல் எல்லாம் அங்கே போய்த்தான் வரவேண்டும். ஒரு கொம்பனியின் வலையமைப்பை இன்னொன்றோடு இணைப்பதும், அதில் பிணக்கு வந்தால் தீர்ப்பதும் அவர்களின் வேலைதான்.

என் கணக்கில் இந்தக் கடைசி வேலைதான் மற்றெல்லாவற்றையும் விடப் பெரியது. பெரிய கொம்பனிக்குச் சின்னக் கொம்பனியோடு இணைவதில் ஆசை இருக்காது. இணையாவிட்டால் சனம் "என் ஆட்கள் எல்லாரும் அதிலே, நானும் அதிலேயே எடுப்போம்" என்று தானாக வந்து விழும். புதிதாக வருகிறவன் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், படலை பூட்டியிருந்தால் அவன் சிம்மை வாங்கி என்ன செய்வது? சந்தை தானாக அந்தப் பூட்டைத் திறக்காது. ஒருவர் திறக்கச் சொல்லவேண்டும்.

முந்தி வேறு கொம்பனிக்கு மெசேஜே போகாதாமே, உண்மையா?

உலகத்தில் பல இடத்தில் அப்படித்தான் இருந்தது. முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 ஆம் திகதி இங்கிலாந்தில் வோடபோன் வலையமைப்பில் போனது. நீல் பப்வேர்த் என்ற இளம் பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து நத்தார் வாழ்த்து அனுப்பினார். ஆனால் அந்த நாட்டுக் கொம்பனிகள் ஒன்றுக்கொன்று மெசேஜ் கொடுக்கத் தொடங்கியது 1999 இல்தான். அமெரிக்காவில் 2002 வரை பொறுக்கவேண்டியிருந்தது. அங்கே கொம்பனிக்குக் கொம்பனி தொழில்நுட்பமும் வேறுவேறு. ஆனாலும் அழைப்பு எல்லாருக்கும் போனது, மெசேஜ்தான் போகவில்லை. அப்போ அது தொழில்நுட்பத்தின் பிழை மட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

நாங்கள் அந்தக் காலத்தைப் பார்க்கவே இல்லை. நாட்டின் மற்றப் பக்கத்தில் பிள்ளைகள் பெருவிரலால் மெசேஜ் அடிக்கப் பழகிய வருடங்களில் வன்னியில் யுத்தம். 2009 க்குப் பிறகுதான் இங்கே கோபுரங்கள் பரவலாக எழுந்தன. அதனால் எங்கள் சனம் முதல் நாளிலேயே "எந்த இலக்கத்துக்கும் போகும்" என்ற நம்பிக்கையோடுதான் மெசேஜ் போடத் தொடங்கியது. பிந்தினால் வருகிற கோபமும் அதனால்தான் கூட.

வேறு கொம்பனிக்குப் போட்டால் ஏன் காசு கூட எடுக்கிறார்கள்?

படலைக் காசு. உங்கள் மெசேஜைத் தன் ஆளுக்குக் கொடுத்ததற்காக மற்றக் கொம்பனி உங்கள் கொம்பனியிடம் ஒரு தொகை வாங்கலாம். அது உங்கள் தலையில் வந்து விழும். இரண்டு பக்கமும் போய்வருவது கிட்டத்தட்டச் சமம் என்றால், "நீயும் வாங்காதே, நானும் வாங்கவில்லை" என்றும் ஒப்பந்தம் செய்யலாம். வெளியிலிருந்து பார்க்கிற எங்களுக்கு எந்த ஏற்பாடு என்று தெரியாது. பக்கேஜ் காகிதத்தில் "ஏனைய வலையமைப்பு" என்று தனி வரி இருந்தால் கண்ணைத் திறந்து வாசியுங்கள்.

உண்மையான செலவு எவ்வளவு? மிகச் சொற்பம். ஒரு மெசேஜின் உடல் 140 பைட். ஒரு நிமிடப் பேச்சுக்குப் போகிற தரவோடு ஒப்பிட்டால் கடலில் கரைத்த பெருங்காயம். பிரான்ஸின் ஒழுங்குபடுத்துநர் 2006 இல் இதைக் கணக்குப் பார்த்து, கொம்பனிகள் தங்களுக்குள் வாங்கிய படலைக் காசை ஏறத்தாழ 5 யூரோ சதத்திலிருந்து பெரிய இரண்டு கொம்பனிக்கும் 3 சதத்துக்கு இறக்கினார். அந்த நாட்களில் பாரிஸில் இருந்த எங்கள் ஆட்களுக்கு இது நடந்ததே தெரிந்திருக்காது. இந்தியாவில் 2013 இல் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் மெசேஜ் ஒன்றுக்கு 2 பைசா என்று வைத்தது. இவ்வளவு சின்னத் தொகையை வைக்க அரச நிறுவனம் ஒன்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டியிருந்தது என்பதிலிருந்தே விளங்கிக்கொள்ளுங்கள், விட்டிருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று.

தமிழில் போட்டால் ஏன் இரண்டு மெசேஜ் காசு வெட்டுகிறது? கொம்பனி ஏமாற்றுகிறதா?

கடைக்கு வரும் முறைப்பாட்டில் இதுதான் முதலிடம். ஏமாற்று இல்லை, கணக்கு. ஆனால் கணக்கு எங்களுக்குப் பாதகமாகப் போட்ட கணக்கு.

140 பைட் என்றேன் அல்லவா. ஒரு பைட் என்றால் 8 பிட், மொத்தம் 1120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து அடங்கும். தமிழ், எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோட் என்ற குறியீட்டு முறையில் போகிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட். அடங்குவது 70. சரி, 70 எழுத்து என்றாலும் பரவாயில்லை என்று நினைப்பீர்கள். எழுத்து இல்லை, குறியீடு. "கி" எங்களுக்கு ஒரு எழுத்து. போனுக்கு அது "க" ஒன்று, விசிறி ஒன்று, மொத்தம் இரண்டு. "ச்" என்றால் "ச" ஒன்று, குற்று ஒன்று.

விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். "கிளிநொச்சி": எங்களுக்கு ஐந்து எழுத்து, போனுக்குப் பத்து. "முல்லைத்தீவு": எங்களுக்கு ஆறு, போனுக்குப் பன்னிரண்டு. வன்னியின் இந்த இரண்டு ஊரும் துல்லியமாக இரட்டிப்பு விலை! மல்லாவிக்காரர் கொஞ்சம் தப்பினோம், நாலு எழுத்துக்கு ஏழு. இடைவெளி விடாமல் கிளிநொச்சி என்று ஏழு தரம் எழுதினால் ஒரு மெசேஜ் முடிந்தது. எட்டாவதன் முதல் எழுத்தைத் தொட்டவுடன் இரண்டாவது மெசேஜ் தொடங்குகிறது. துண்டாக உடைந்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒட்டுக் குறிப்புக்கு இடம் போய்விடும், 70 என்பது 67 ஆகும்.

ஆங்கில மெசேஜுக்குள் ஒரே ஒரு தமிழ் எழுத்தையோ, சிரிக்கிற முகப் படம் ஒன்றையோ போட்டாலும் முழு மெசேஜும் 70 கணக்குக்கு மாறும். அதை அறிந்தோ அறியாமலோதான் ஒரு தலைமுறையே ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்துப் பழகியது. பழைய போன்களில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிந்ததும் இன்னொரு காரணம்.

வயிறு எரிகிற செய்தி இன்னொன்று. தமிழையும் 7 பிட்டில் அனுப்ப உலகத் தர விதிகளில் தனி அட்டவணையே இருக்கிறது. இந்தி, வங்காளம், தெலுங்கு முதலிய இந்திய மொழிகளோடு தமிழுக்கும் சேர்த்து வைத்தார்கள். என் கடைக்கு வந்த எந்தப் போனும் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அதுவும் இரண்டு கொம்பனிக்கு நடுவில் போகவேண்டும் என்றால் இரண்டு பக்கமும் இரண்டு போனும் அதை அறிந்திருக்கவேண்டும். ஆணைக்குழு நினைத்தால் இதைக் கேட்கலாம். குறைந்தது தமிழ், சிங்கள மெசேஜுக்கு 160 இன் கட்டணக் கணக்கையே பாவியுங்கள் என்றாவது சொல்லலாம்.

கதைக்கக் கவரேஜ் இல்லாத இடத்தில் மெசேஜ் மட்டும் போகிறதே?

அழைப்புக்குச் சிக்னல் தொடர்ந்து நிற்கவேண்டும். மெசேஜுக்கு ஒரு கணம் போதும், தவறினாலும் திரும்ப முயற்சிக்கும். முந்தி போனை வேப்பமரக் கிளையில் பையோடு கட்டித் தொங்கவிட்டு, மெசேஜ் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எடுப்போம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் கிடந்தபோதும் அழைப்பு எடுபடாத சில இடங்களுக்கு மெசேஜ் போனது. ஆனால் கோபுரத்தின் பற்றரி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. அனர்த்த நேரத்தில் 117 க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, அழைப்பு எடுபடும்போதே எடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு சிம் தேவையா?

ஒரு காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று சிம். அண்ணைக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. 2018 இல் எடிசலாட்டும் ஹட்ச்சும் சேர்ந்தன. 2024 இல் எயார்டெல்லை டயலொக் வாங்கியது. இப்போது எஸ்எல்டி மொபிட்டெல்லோடு சேர்த்து மூன்று கொம்பனிதான். ஆகவே மெசேஜுக்காக இரண்டு சிம் வேண்டாம். வன்னியில் இரண்டு வைத்திருப்பதற்குக் காரணம் கவரேஜ்தான். ஒட்டுசுட்டானில் ஒன்று எடுக்கும், நெடுங்கேணிப் பக்கம் மற்றது எடுக்கும்.

கொம்பனி குறைந்தால் படலையும் குறையும், அது நல்லதுதானே என்று ஒரு ஆசிரியர் கேட்டார். படலை குறையும் ஐயா, ஆனால் போட்டியும் குறையும். மூன்று பேர் மட்டும் இருக்கிற சந்தையில் மேற்பார்வைக்கு வேலை கூடும், குறையாது.

பெயர் மட்டும் போட்டு வருகிற மெசேஜுக்குப் பதில் போட முடியாதா? வங்கி அனுப்புகிற இரகசியக் குறியீடு (ஓடிபி) ஏன் பிந்துகிறது?

வங்கி, மின்சாரசபை, அரசாங்கம் போடுகிறவை கணினியிலிருந்து மொத்தமாகப் போகிறவை. அனுப்பியவர் இடத்தில் இலக்கத்துக்குப் பதில் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். அது வெறும் எழுத்து, அதற்குத் திரும்பிப் போக வழி இல்லை. அந்தப் பெயரைப் பொய்யாகவும் ஒட்டலாம் என்பதை மறக்கவேண்டாம். குறியீட்டை யார் கேட்டாலும், "வங்கியிலிருந்து கதைக்கிறோம் அம்மா" என்று தேன் ஒழுகக் கேட்டாலும், சொல்லக்கூடாது.

பிந்துவதற்கு ஒரு காரணம் போனின் உள்பெட்டி நிரம்பியிருப்பது. பழைய பொத்தான் போன்களில் முதலில் அதைக் காலி செய்து பாருங்கள். பாதிப் பேரின் பிரச்சினை கடை வாசலிலேயே தீர்ந்துவிடும்.

முறைப்பாடு எப்படிச் செய்வது?

முதலில் உங்கள் கொம்பனிக்கு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள், அது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. தீராவிட்டால் ஆணைக்குழுவுக்கு 1900 இல் அழைக்கலாம், கடிதமும் போடலாம். தமிழிலேயே எழுதுங்கள், 1987 இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அனுப்பிய இலக்கம், பெற்ற இலக்கம், திகதி, நேரம், இரண்டு போனிலும் காட்டிய நேரத்தின் படம், இவை இருந்தால் போதும். என் மச்சானின் மெசேஜ் விடயத்தில் நான் இவை ஒன்றையும் வைத்திருக்கவில்லை. கோபம் மட்டும்தான் இருந்தது.

உங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்க *132#. போன் வாங்கமுன் *#06# அடித்து வருகிற 15 இலக்கத்தை, முன்னால் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் போட்டு, இடைவெளி விட்டு, 1909 க்கு அனுப்பினால் அது ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும்.

வாட்ஸ்அப் இருக்க இதெல்லாம் எதற்கு?

2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் 3. இந்த மூன்று தரமும் சமூக ஊடகங்கள் மூடப்பட்டன. 2022 இல் பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டதன்பேரில் மூடியது இதே ஆணைக்குழுதான். பாதை திறக்கிற கையும் பாதை மூடுகிற கையும் ஒன்றாக இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை, அது வேறு கதை. அந்த நாட்களில் சாதாரண மெசேஜ் ஓடியது. கனடாவில் இருந்து "என்ன நடக்குது?" என்று கேட்ட அண்ணருக்கு ஒரு வரிப் பதில் போட அதுதான் இருந்தது.

இன்னொன்று. வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்கு உங்களால் மெசேஜ் போட முடியுமா? முடியாது. அதே பழைய பூட்டுப் படலை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2024 மார்ச் முதல், மற்றச் செயலிகள் கேட்டால் வாட்ஸ்அப் இணைப்புக் கொடுக்கவேண்டும் என்று வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது.

மெசேஜ் வந்தாலும் காசு வெட்டுவானோ?

இது பாண்டியன்குளம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு அம்மம்மா கேட்டது. இல்லை அம்மம்மா, இலங்கையில் அனுப்புகிறவருக்குத்தான் காசு, வருகிறதற்கு இல்லை என்றேன். "அப்ப நான் இவ்வளவு நாளும்..." என்று நிறுத்தினா. விசாரித்தால், வருகிற மெசேஜுக்குக் காசு போகும் என்று பயந்து, கிழமைக்கு ஒருதரம், வெள்ளிக்கிழமை கோயிலால் வந்த பிறகு மட்டும் போனைத் திறக்கிறவாம். மகன் போட்டவை எல்லாம் அதற்கிடையில் காலாவதியாகிப் போயிருக்கும். போனை என் கடைச் சார்ஜரில் செருகித் திறந்து வைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஏழு மெசேஜ் வந்தது. அதில் ஆறு மெசேஜ் கொம்பனியின் விளம்பரம். ஏழாவது மகனுடையது, முந்தாநாள் போட்டது: "அம்மா, போனைத் திறந்து வையுங்கோ."